சமாதானக் கூட்டத்துக்கு வந்த இரண்டு அம்மாக்கள்

அத்தியாயம் 17

'இந்த ஹில்டா ஏன் இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கிறாள்? பேசாமல் கவுன்சிலர் பதவியைப் புருஷனிடமே கொடுத்துவிடலாமே' என்று மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

அம்மா, அது எப்போதோ கொடுத்தாகிவிட்டது. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட அன்றே சாலமோன் மனைவியின் பெயரையும் தன்னுடைய செல்போன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கவுன்சிலருக்கு வரும் தகவல் எல்லாம் அவர் சட்டைப்பையில்தான் வந்து விழுகிறது. தெருவில் யாராவது "கவுன்சிலரே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவரும் அவர்தான். ஹில்டாவைக் கூப்பிடுவது கையெழுத்துக்கு மட்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து உள்ளே வந்தால் முதலில் தேவநேசன் தெரு. அதை ஒட்டி எல்லையம்மன் தெரு. முதலாவதில் கிறிஸ்தவ சபை இருக்கிறது. இரண்டாவதில் மார்கழி பிறந்தால் ஐயப்ப பூஜைப் பந்தல் போடுவார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் சபையின் கேரல் வண்டி அந்தப் பந்தலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வருடாவருடம் இந்தப் பக்கத்திலிருந்து ஹில்டா போன் போடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து ஹேமாவதி, "படிபூஜை முடிஞ்சுதுக்கா, இப்ப வரச் சொல்லு" என்பாள். இருவரும் ஒரே மகளிர் குழுவில் இருந்தவர்கள். பந்தல் அருகே வந்ததும் வண்டியில் டிரம் நின்றுவிடும். பந்தலிலிருந்து தொன்னையில் சுண்டல் வரும். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் பஞ்சுத் தாடியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவான். இதற்கெல்லாம் மத நல்லிணக்கம் என்று ஒரு பெரிய பெயர் இருப்பது அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியாது. நேரம் கேட்டுக்கொள்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இந்த வருடம் சாலமோன் போலீஸில் முறைப்படி அனுமதி வாங்கிவிட்டார். அனுமதி கையில் இருக்கும்போது எல்லையம்மன் தெருவில் யாரிடம் போய் நேரம் கேட்பது? ஹில்டா செல்போனை எடுத்தபோது, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். படிபூஜை நடந்துகொண்டிருக்கும்போதே வண்டி போய் நின்றது. முதலில் ஹாரன். பிறகு வார்த்தை. பிறகு கல்.

ஹேமாவதியின் மகன் தீனதயாளனுக்கு இடது கண் போய்விட்டது. திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த பையன். ஹில்டாவின் மகன் டெனிஸையும் இன்னும் சில பையன்களையும் பிடித்து ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். தீனாவும் டெனிஸும் ஒரே கிரிக்கெட் டீம்.

கல்லை எறிந்தது யார் என்று போலீஸுக்கு இன்னும் தெரியவில்லை. ஹில்டாவுக்குத் தெரியும். வண்டியில் பாடிக்கொண்டிருந்த மகள் அபிகாயில், போன வாரம் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். எறிந்தவன் டெனிஸ்.

அன்றிலிருந்து ஹில்டாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இனி இந்த வாரம்.

பொங்கல் முடிந்து வந்த திங்கட்கிழமை. சாலமோன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அபிகாயில் சமையலறைக்குள் வந்து அம்மாவின் காதருகே சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு பீஸ் மீட்டிங்காமே. சமுதாயக் கூடத்துல. உனக்குத் தெரியுமா?"

"எந்த மீட்டிங்?"

"ரெண்டு தெருவுக்கும் சமாதானம் பேசறாங்களாம். கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வராங்க. டாடி போன்ல பேசினதைக் கேட்டேன்."

ஹில்டா அடுப்பை அணைத்தாள். வார்டு அவளுடையது. சண்டையில் சிக்கியிருப்பது அவள் மகன். கூட்டம் மட்டும் எப்படி அவளுக்குத் தெரியாமல் போயிற்று என்று நினைத்தபோது, கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக வந்தது.

முன்னறைக்கு வந்து கேட்டாள். "என்னங்க, மீட்டிங்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ வந்து என்ன பண்ணப் போற? இந்தத் தெருவுல அஞ்சு பேர், அந்தத் தெருவுல அஞ்சு பேர். எல்லாம் பெரியவங்க."

"பெரியவங்கன்னா?"

"ஆம்பளைங்க."

"ஹேமாவுக்குச் சொல்லியிருக்கா?"

"அவ புருஷன் ராஜாராமன் வர்றாரு. கையெழுத்து போடறேன்னு ஒத்துக்கிட்டாரு. ரெண்டு தெருவும் சமாதானம்னு எழுதிக் கொடுத்துட்டா பெயில்ல பெரிசா எதிர்ப்பு இருக்காதுன்னு வக்கீல் சொல்றாரு. இந்த வாரத்துலயே டெனிஸ் வீட்டுக்கு வந்துடுவான் ஹில்டா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க சரியா சாப்பிடறதே இல்லையாம். இளைச்சுப் போயிட்டான். எனக்கு என் பையன் வேணும், அவ்வளவுதான்."

சாலமோனை நான் இத்தனை வாரங்களாகக் கேலி செய்து வந்திருக்கிறேன். அதற்காக அவருக்குப் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மகன் இல்லாத வீட்டில் அந்த மனிதரும் தூங்கவில்லை.

"அங்க என்ன சொல்லப் போறீங்க, டெனிஸைப் பத்தி?" என்று ஹில்டா கேட்டாள்.

"வீட்ல ஜுரத்துல படுத்திருந்தான், தப்பாப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு. அபிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

அபிகாயில் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாலமோனின் பைக் தெருமுனை திரும்பியதும் ஹில்டா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நேராகச் சமுதாயக் கூடத்துக்குப் போகவில்லை. எல்லையம்மன் தெருவுக்குள் நுழைந்தாள். சண்டைக்குப் பிறகு அந்தத் தெருவில் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. குழாயடியில் நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

ஹேமாவதி வீட்டு வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் தீனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தலையைச் சுற்றியிருந்த வெள்ளைக் கட்டு மட்டும் தெரிந்தது.

"இன்னாத்துக்கு வந்த?" என்றாள் ஹேமாவதி.

"சமுதாயக் கூடத்துல சமாதானம் பேசறாங்க. உனக்குத் தெரியுமா?"

"சமாதானமா? எங்க வூட்டுக்காரரு காலைலயே பிளம்பிங் வேலை கீதுன்னு கெளம்பிப் போனாரே."

"அவர் அங்கதான் இருக்கார். கையெழுத்து போடப் போறார்."

ஹேமாவதி கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள்.

"என் புள்ள கண்ணுக்கு அவுங்க சமாதானமா?" என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

"வா போலாம் ஹேமா."

"நீ ஏங்க்கா கூப்புடற? உம் புள்ளைக்குத்தான சாதகமாப் பேசறாங்க?"

ஹேமா கேட்டது சரிதான் என்று ஹில்டாவுக்குத் தெரியும். பேசாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் இந்த வாரம் மகன் வந்துவிடுவான். ஆனால் ஒரு பையனின் கண் போனதை அவனைப் பெற்றவளுக்குத் தெரியாமல் பேசி முடிப்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதற்கு மேல் அவள் யோசிக்கவும் இல்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

சமுதாயக் கூடத்தில் இரண்டு வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டர். பெண்கள் என்று பார்த்தால், ஓரத்தில் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான்.

அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த அதிகாரி தாளைப் புரட்டினார். "கவுன்சிலர் வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்" என்று சாலமோன் கையைத் தூக்கினார். பழக்கதோஷம்.

"கவுன்சிலர் லேடின்னு போட்டிருக்கே."

"என் மிசஸ்தான் சார். அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்."

"சார்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. அது தன்னுடைய குரல்தான் என்று ஹில்டாவுக்கே உடனே உறைக்கவில்லை. "நான்தான் கவுன்சிலர்."

பத்துத் தலைகளும் திரும்பின. எங்கோ ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு அடங்கியது. சாலமோன் முகம் வெளுத்துவிட்டது.

"உள்ள வாங்க மேடம், உக்காருங்க" என்றார் அதிகாரி.

சாலமோன் எழுந்திருக்கவில்லை. சபைச் செயலாளர் யேசுதாசன்தான் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். ஹில்டா உட்காரவில்லை.

"இன்னொரு நாற்காலி வேணும் சார். இவங்க தீனாவோட அம்மா."

"கமிட்டியில இவங்க பேர் இல்லையே."

"என்னையும்தான் சார் யாரும் கூப்பிடலை."

அதிகாரி தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பியூனிடம் கையைக் காட்டினார். நாற்காலி வந்தது. எதிர் வரிசையில் இருந்த ராஜாராமன், மனைவியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

சாலமோன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைப் படித்தார். நடந்த சம்பவத்துக்கு இரு தரப்பாரும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறார்கள். இனி கேரல் ஊர்வலம் எல்லையம்மன் தெரு வழியாக வராது. பந்தல் ஒலிபெருக்கி சபை நேரத்தில் ஒலிக்காது. அடையாளம் தெரியாத நபரால் காயம்பட்ட இளைஞருக்கு இரு தெருவும் சேர்ந்து உதவும்.

"யாரு சார் வருத்தப்பட்டாங்க?" என்று ஹேமாவதி கேட்டாள்.

"அம்மா, அது பொதுவா எழுதறதும்மா" என்றார் யேசுதாசன்.

"எனக்குப் பொதுவா ஒண்ணும் ஆவல. என் புள்ளைக்குத்தான் ஆச்சு. எங்கிட்ட வந்து யாரு வருத்தப்பட்டாங்க? அந்தத் தெருவுலேர்ந்து ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களா?"

"ஹேமா, கொஞ்சம் சும்மா இரு" என்றார் ராஜாராமன். "நாளைக்கும் இதே தெருவுலதான் இருக்கணும். எத்தினி நாளைக்கு போலீசு, கோர்ட்டுன்னு அலையறது?"

"நீ பிளம்பிங் வேலைக்குப் போயிருக்கேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள் அவள்.

சாலமோன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "இருட்டுல யார் எறிஞ்சாங்கன்னு யாருக்கும்மா தெரியும்? என் பையனே அன்னைக்கு அங்க இல்ல. வீட்ல ஜுரத்துல படுத்திருந்தவனைத்தான் பிடிச்சிட்டுப் போனாங்க. நானும்தான் கஷ்டப்படறேன்."

ஹேமாவதி அவரைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினாள்.

"அக்கா, நீ சொல்லு. டெனிஸு வூட்லதான் இருந்தானா? ஆமான்னு உன் வாயால சொல்லு போதும். அவுங்க எழுதினதுல நானே கையெழுத்து போட்டுட்டுப் போறேன்."

கவுன்சிலர் ஆன நாளிலிருந்து ஒரு கூட்டத்தில் ஹில்டாவைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவள் சொல்லப்போகும் பதிலுக்காகப் பத்து ஆண்களும் ஒரு அதிகாரியும் ஒரு இன்ஸ்பெக்டரும் காத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வார்த்தைக்கு மதிப்பு வந்தது, அதுவும் இந்தக் கேள்விக்கு என்று வந்து சேர்ந்ததே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஹில்டா பொய்யே சொல்லாதவள் இல்லை. சாலமோன் உள்ளே படுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று "அவர் வெளியில போயிருக்கார்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போதும் ஒரு 'ஆமா' சொன்னால் போதும். டெனிஸ் வந்துவிடுவான். அவனுக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். சாலமோன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

ஆனால் ஹேமாவதியின் முகத்துக்கு நேராக அந்த 'ஆமா' வாயில் வரவில்லை.

"இல்ல ஹேமா. அவன் அங்கதான் இருந்தான்" என்றாள் ஹில்டா. "கல்லை எறிஞ்சது டெனிஸ்தான்."

ஹேமாவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அவளுக்கு மனசு சரியில்ல" என்று சாலமோன் எழுந்தார். "தூக்கமே இல்ல சார் அவளுக்கு. என்ன பேசறோம்னு தெரியாமப் பேசறா."

"தெரிஞ்சுதான் பேசறேன் சார். யார் மேல படும்னு தெரிஞ்சு எறிஞ்சிருக்க மாட்டான். ஆனா எறிஞ்சான்."

இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்க அன்னைக்கு ஸ்பாட்ல இருந்தீங்களா மேடம்?"

"இல்ல சார்."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்? டெனிஸ் சொன்னானா?"

"இல்ல."

"பின்ன யார் பார்த்தாங்க?"

ஹில்டா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. மகன் பெயரைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அடுத்து மகளிடம் வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுக்கு எதிராகத் தங்கை சாட்சி சொல்ல வேண்டுமா? ஆண்டவரே என்று உள்ளுக்குள் கூப்பிட்டாள்.

"இப்பச் சொல்ல வேணாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வாங்க. பார்த்தது யாருன்னு எழுதிக் கொடுங்க. இங்க வாயால சொன்னது போதாது."

அதிகாரி தாள்களை அடுக்கினார். கூட்டம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்றார். அடுத்த தடவை கவுன்சிலர் தானே வர வேண்டும், ஒவ்வொரு தெருவிலிருந்தும் பெண்களும் இருக்க வேண்டும், தீனதயாளனின் தாயார் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் இதைக் கேட்டு ஹில்டா சந்தோஷப்பட்டிருப்பாள். இன்று அது காதில் விழுந்ததோடு சரி.

வாசலில் சாலமோன் பைக்கைக் கிளப்பினார். அவள் பின்னால் ஏறுவாள் என்று அவர் காத்திருக்கவில்லை.

"நாளைக்கு நம்ம பையன் கேட்டா நீயே பதில் சொல்லிக்க" என்றார். "அபிகிட்டயும் நீயே சொல்லிக்க. என்னால முடியாது." அவர் கண் கலங்கியிருந்தது. பைக் சிக்னல் பக்கம் போய் மறைந்தது.

ஹில்டா கூடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருவராக அவளைத் தாண்டி இறங்கிப் போனார்கள். ராஜாராமன் சற்றுத் தள்ளி மனைவிக்காகக் காத்து நின்றார். ஹேமாவதி அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஹில்டாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் ஹேமாவதி.

"என்ன தெரியும்?"

"டெனிஸுதான்னு. தீனா பாத்துட்டான். ஆஸ்பத்திரில மயக்கம் தெளிஞ்சதும் எங்கிட்ட சொன்னான். போலீசுகிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கைய எடுத்து அவன் தலை மேல வெச்சு சத்தியம் வாங்கிகினான். 'அவன் என்னைப் பாத்து எறியலம்மா, எம் ப்ரெண்டும்மா'ன்னு அழுதான். அந்தக் கண்ணோட அழுதாங்க்கா. டாக்டரு அழக் கூடாதுன்னு சொல்லிக் கீறாரு."

ஹில்டா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சுமா என்னைக் கேட்ட? அத்தனை பேர் நடுவுல?"

"நீ ஆமான்னு சொல்லுவேன்னு நெனச்சேன்." ஹேமாவதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பெத்தவ வேற இன்னா சொல்லுவா? நீ பொய் சொல்லிட்டா எனக்கு மனசு வுட்டுப்பூடும், கையெழுத்து போட்டுட்டு வூட்டுக்குப் போயிடலாம்னு இருந்தேன். ஆனா உன் வூட்டுக்காரரு அவன் அங்க இல்லவே இல்லன்னு சொன்னாரு பாரு. அப்ப என் புள்ள கண்ணு எப்படிப் போச்சு? தானா போச்சா? ஒருத்தர் வாயாலயாவது கேக்கணும்னு இருந்துச்சு. போலீசு பக்கத்துல இருந்ததை நான் யோசிக்கல."

"நானும் யோசிக்கல."

"எம் புள்ள இத்தினி நாளா வாயே தெறக்கலக்கா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்டு ஒடைச்சிட்டோம்."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த ஹில்டா அழுதாள். நடுரோட்டுக்குத் தெரியும்படி, முகத்தை மறைத்துக்கொள்ளாமல் அழுதாள். ஹேமாவதி அவளைத் தொடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் ஹேமாவதி மெதுவாகக் கேட்டாள்.

"தீனா சொல்ல மாட்டான். அவனைக் கூப்டாலும் வாயைத் தெறக்க மாட்டான். அப்ப உனக்கு யாருக்கா சொன்னாங்க?"

ஹில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஹேமாவதி யோசித்தாள். கேரல் வண்டியில் யார் யார் இருந்தார்கள், யார் எந்தப் பக்கம் நின்று பாடினார்கள் என்று அவளுக்கும் ஞாபகம் இருந்தது. அவள் முகம் மாறியது.

"அபியா?"

ஹில்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஹேமாவதி இப்போதுதான் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். அபிகாயிலை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பந்தலில் சுண்டல் ஊட்டியவள் அவள்தான்.

"நாளைக்குக் காலைல நானும் உன்கூட ஸ்டேஷனுக்கு வரேன்" என்றாள். "எம் புள்ளைக்கு நாயம் வேணும், இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தப் பொண்ணு பேரை எழுதித்தான் அது கெடைக்கும்னா, எனக்கு அது வேணுமா வேணாமான்னு தெரியலக்கா. நீ சொல்லு. எழுதுவியா?"